வானில் ஒன்றரை மணி, தரையில் எத்தனை மணி?

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் வான்வழியே சுமார் 700 கிலோமீட்டர்; பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. ஆனால், ஒசூர் அருகே உள்ள தளியிலிருந்து கிளம்புபவர் பெங்களூரு நெரிசலைத் தாண்டி, அந்த விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேரவும் வேண்டும். ஆக, பயண நேரத்தில் பெரும்பங்கு தரையிலேயே கழிகிறது. 2024-இல் தமிழக அரசு ஒசூருக்கு அறிவித்த விமான நிலையம் இதனால்தான் அவசியமாகிறது. பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே என்பவர்கள், தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். பெங்களூரு நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையத்தை 2033 வரை கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உண்மையான தடைதான். அந்தக் கெடு முடியும்போது தயாராக இருக்க, வேலைகளை இப்போதே தொடங்குவதே அதற்கு விடை.