சர்ச்சுக்கே போகாத பாட்டி நரகத்துக்குப் போவாரா? கிறிஸ்தவம் சொல்வது என்ன?

வேறு மதத்தில் திருமணப் பேச்சு எழும்போதோ, ஆபீஸில் நண்பர்களின் அரட்டையிலோ இந்தக் கேள்வி வந்துவிடும்: "அப்போ, சாமி கும்பிட்டே வாழ்ந்த எங்க பாட்டி நரகத்துக்கா போவாங்க?"

தமிழ் மண்ணில் இது பழைய விவாதம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஊர் மக்களோடு மதம் பற்றி வாதிட்டார். 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்களை மிஷனரிகள் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்கள்.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

'பாவம்', 'நரகம்' இரண்டும் தமிழில் ஏற்கெனவே இருந்த சொற்கள். கர்ம நம்பிக்கையில் பாவம் என்பது ஒருவர் செய்த தீவினை. நரகத்தில் அதன் பலனை அனுபவித்து முடித்தால் மறுபிறவி உண்டு.

கிறிஸ்தவத்தில் பாவம் வெறும் செயல் அல்ல, கடவுளைவிட்டு விலகிய நிலை. மனிதர் தன் முயற்சியால் மட்டும் அதிலிருந்து மீள முடியாது. கிறிஸ்துவின் சிலுவை மரணத்தால் வரும் மீட்புதான் இரட்சிப்பு. மறுபிறவி கிடையாது. அதனால்தான் நரகம் இங்கே இன்னும் பயமுறுத்துகிறது.

நரகம் நிரந்தரமா?

இயேசு சொன்ன 'கெஹன்னா', எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் என்கிறது பழைய ஏற்பாடு.

தண்டனைக்கு முடிவே இல்லை என்றார் அகஸ்டின். இதுவே பெரும்பான்மைக் கருத்தானது. அவருக்கு முன்பே, 3-ம் நூற்றாண்டில், எல்லோரும் கடைசியில் கடவுளிடம் திரும்பக்கூடும் என்று நம்பினார் ஓரிகன். தீயவர்கள் முடிவில் அழிந்துபோவார்கள், என்றென்றும் வதைபட மாட்டார்கள் என்ற கருத்தை 1988-ல் தயக்கத்தோடு முன்வைத்தார் ஆங்கிலிகன் போதகர் ஜான் ஸ்டாட்.

சரி, பாட்டி?

பதில் சபைக்குச் சபை மாறும். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று 1442-ல் கத்தோலிக்கத்தின் ஃபுளோரன்ஸ் சங்கம் கண்டிப்பாகச் சொன்னது. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் தவறின்றி கிறிஸ்துவை அறியாமல், மனசாட்சிப்படி வாழ்பவருக்கும் மீட்பு கிடைக்கலாம் என்றது. பல பெந்தெகொஸ்தே சபைகள் இதை ஏற்பதில்லை. உயிரோடு இருக்கும்போதே கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்கின்றன.

ஆக, "கிறிஸ்தவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது. கல்யாணப் பேச்சு வரை போயிருந்தால், "உங்க சபை என்ன சொல்லுது, நீங்க என்ன நம்புறீங்க?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.