வீட்டு மின்சார வேலையில் எர்த் இணைப்பின் அவசியம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள இண்டூரிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஓட்டு வீடுகள் குறைந்து காங்கிரீட் வீடுகள் எழும்பி வருகின்றன. வீட்டுச் செலவைப் பற்றி விசாரித்தால் நம் அங்கத்தினர்கள் செங்கல், சிமெண்டு, இரும்புக்கம்பி இவற்றின் விலையைத் தடையின்றிச் சொல்லுகிறார்கள். மின்சார வேலைக்கு யாது செலவு என்று கேட்டால் மட்டும், "அது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே விடை. கடைசியில் பார்க்கும்போது கையில் பணம் இருப்பதில்லை. அப்பொழுது குறைக்கப்படுவது எர்த் கம்பியும் அதன் குழியுமே. அவை இல்லாவிடினும் விளக்கு எரியும், விசிறி சுழலும்; ஆகையால் குறை ஒன்றும் இல்லையென்று எண்ணிவிடுகிறோம்.

சென்னை மாகாணத்தில் 1932-ஆம் ஆண்டு பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும் நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அக்காலத்து வீடுகளில் சுவரின்மேல் தேக்குப் பட்டை அடித்து, அதன்மீது கம்பியை ஓட்டினார்கள். பார்ப்பதற்கு அழகில்லை, எனினும் பழுது உடனே கண்ணுக்குத் தெரிந்தது. இப்பொழுதோ குழாய்கள் சுவருக்குள் புதைக்கப்படுகின்றன. கூரையில் இரும்புக்கம்பி கட்டிய பிறகு, காங்கிரீட் போடுவதற்கு முன், வயர்மேன் வந்து குழாய் பதிக்க வேண்டும். பின்னர்ச் சுவரில் காடி வெட்டிக் குழாய் இறக்க வேண்டும். காடி நேர் மேலாகவோ நேர் குறுக்காகவோ இருத்தல் முறை. சாய்வாக வெட்டினால் குழாய்நீளம் மிச்சமாகும். ஆனால் பின்னொரு நாள் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்குக் கம்பி எங்கே செல்கிறதென்று தெரியாது. பூச்சு வேலை முடிந்ததும் அவர் செய்த வேலை யாவும் மறைந்துபோகிறது. "ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு" என்று கூலி பேசும் வழக்கமும் இதனுடன் சேர்கிறது. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே வேலை என்றால், அவர் எங்கேயாவது குறைத்துத்தான் ஆகவேண்டும்.

கம்பியைப் பற்றிச் சில வார்த்தைகள். விளக்கு, விசிறிகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியும், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் வேண்டும். விளக்கு, விசிறிக்கான ஒரு சர்க்யூட்டில் 10 பாயிண்டுகளுக்கு மேலோ, 800 வாட்டுக்கு மேலோ ஏற்றலாகாது. சுவிட்சு எப்பொழுதும் பேஸ் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். நியூட்ரலில் வைத்தால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். நியூட்ரலுக்குக் கறுப்பும் எர்த்துக்குப் பச்சையும் குறித்த நிறங்கள். அவற்றை மாற்றி இழுத்தால் பின்னால் பழுது பார்க்க வருபவர் ஏமாறுவார்.

எர்த் கம்பியின் வேலை யாது? மாவரைக்கும் கிரைண்டரின் உள்ளே கம்பி தேய்ந்து அதன் இரும்பு உடலைத் தொட்டதாக வைத்துக்கொள்வோம். உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். எர்த் கம்பி இருப்பின் அம்மின்சாரம் அதன் வழியே பூமிக்குள் இறங்கும். இல்லையேல் ஈரக் காலோடு கிரைண்டரைத் தொடும் பெண்ணின் தேகத்தின் வழியே இறங்கும். குழி தோண்டும் செலவைத் தவிர்க்க, பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு முடிந்துவிடுவோர் உளர். வெளியே நியூட்ரல் ஓரிடத்தில் அறுந்தால், பழுதேயில்லாத கிரைண்டரிலும் மின்சாரம் ஏறிவிடும். இது எர்த் இல்லாமலிருப்பதைவிடக் கொடிது.

குழி தோண்டினால் மட்டும் போதுமா என்பதை நம் பகுதியினர் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். காவிரிக் கரையின் ஈர வண்டலில் மின்சாரம் எளிதில் இறங்கும். நம்முடைய செம்மண்ணும் பாறையும் கோடையில் காய்ந்து கிடப்பவை. குழியின் தடை 50 ஓம் என்று கொண்டால், 230-ஐ 50-ஆல் வகுக்க, பாயும் மின்சாரம் 4.6 ஆம்பியர்தான். பலகையில் உள்ளதோ 16 ஆம்பியர் எம்.சி.பி. அது இதைப் பழுதென்றே உணராது, விழவும் விழாது. கிரைண்டர் உடலில் மின்சாரம் நின்றபடியே இருக்கும். எம்.சி.பி. கம்பி எரியாமல் காப்பதற்கு ஏற்பட்டதேயன்றி மனிதரைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று.

இக்குறையைத் தீர்ப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. பேஸில் சென்ற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது இடைவிடாது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வெளியே கசிந்தால், ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். குழியின் தடை 200 ஓம் ஆனாலும் 1 ஆம்பியருக்கு மேல் பாயுமாதலால், அதற்கு இது தாராளம். ஆகவே நம் மண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்: 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக்குழாயைக் கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழி ஒன்று. 30 மில்லி ஆம்பியர் கருவி ஒன்று. சித்திரை, வைகாசியில் குழியில் நீர் ஊற்றி வரவேண்டும். "அடிக்கடி விழுகிறது" என்று கருவியைக் கழற்றிவிடுவோரைக் காண்கிறேன். விழுவதற்குக் காரணம் வீட்டில் எங்கோ ஒரு கசிவு. அதைத் தேடிப்பிடிப்பதே வயர்மேனுடைய வேலை.

யாரைக் கொண்டு வேலை செய்விப்பது? பல்பு, பியூஸ், சுவிட்சு மாற்றுதல் போன்ற சிறு காரியங்கள் நீங்கலாக, வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் நேர்மேற்பார்வையில் செய்யவேண்டுமென்பது சட்டம். சான்றிதழ் ஒருவருடையதாகவும் கை வேறொருவருடையதாகவும் இருப்பதைப் பல இடங்களில் காணலாம். கையொப்பமிட்டவர் ஒருநாளாவது வந்து பார்த்தாரா என்று வீட்டுக்காரர் கேட்பதில் தவறில்லை.

இவ்வேலையைச் செய்யும் இளைஞர்கள் பலர் நம் அங்கத்தினர்களின் புதல்வர்களே. கொத்தனாரோடு சேர்ந்து சுவர் வெட்டிப் பழகி, கையில் டெஸ்டரும் கட்டிங் பிளேயருமாகத் தொழிலில் இறங்கியவர்கள். அவர்களை இகழ்வதால் பயனில்லை. ஐந்து ஆண்டு அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்களுக்கு அரசினர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறார்கள். தருமபுரியை அடுத்த கடகத்தூரில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் விவரம் விசாரிக்கலாம். 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால், வேலையில் விபத்து நேரின் குடும்பத்துக்கு உதவி உண்டு. ஏணியும் ஈரச் சுவருமாகப் பிழைப்பவருக்கு அது சிறிய விஷயமன்று.

மின்சாரம் கூட்டுறவுக்கு அப்பாற்பட்டதென்று எண்ணவேண்டா. கர்நாடகத்தில் ஹுக்கேரியிலும், தெலுங்கானாவில் சிர்சில்லாவிலும் மின் விநியோகத்தையே கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தி வந்துள்ளன. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நான்கைந்து வீடுகள் ஒரே சமயத்தில் எழும்பும்போது, அங்கத்தினர்கள் ஒன்றுகூடித் தகுதியுள்ள ஒருவரையே அமர்த்தி, கம்பியையும் கருவிகளையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், சரக்கும் நன்றாயிருக்கும். கூலியின் கடைசித் தவணையை மட்டும் நிறுத்திவையுங்கள். 500 வோல்ட் மெகரை வைத்துக் கம்பிகளின் காப்புத் தடை 1 மெகோமுக்குக் குறையவில்லையென்று வயர்மேன் உங்கள் கண்முன் காட்டட்டும், ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்தி, அது விழுவதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். அப்பொத்தானை அதன்பின் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வீட்டாரின் பொறுப்பு.