பொட்டலத்துக்குள் ஒரு நீராவி அறை
தாளில் மடித்து வேகவைக்கும் மீனும் காய்கறியும் நமக்குச் சொல்லும் அறிவியல்

ஓவனின் திருகை 200 டிகிரி செல்சியசில் வைக்கிறீர்கள். உள்ளே பேக்கிங் தாளில் மடித்த ஒரு பொட்டலம். அதில் ஒரு துண்டு மீன், கொஞ்சம் கேரட், இரண்டு தக்காளித் துண்டு, எலுமிச்சைச் சாறு. இருபது நிமிடம் கழித்து அந்த மீனின் வெப்பநிலை எவ்வளவு இருக்கும்?

200 என்று சொன்னால் தவறு. பொட்டலத்தில் ஈரம் இருக்கும்வரை மீன் 100 டிகிரியைத் தாண்டாது. ஓவன் எவ்வளவு சூடாக இருந்தாலும் பொட்டலத்தின் உட்புறம் கொதிநீரின் வெப்பநிலையோடு நின்றுவிடும். எண்ணெய் அதிகம் வேண்டாம், பாத்திரம் கழுவும் வேலை குறைவு என்பதற்காகப் பலர் இப்போது இந்த முறையை வீட்டில் செய்துபார்க்கிறார்கள். செய்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: “மீன் காய்ந்துவிட்டது, கேரட் வேகவே இல்லை.” அல்லது அதைவிடக் கவலைக்குரிய மற்றொன்று: “பிரித்துப் பார்த்தால் நடுவில் பச்சையாக இருந்தது.” இரண்டுக்கும் விடை அந்த 100 டிகிரி வரம்பில் இருக்கிறது.

இட்லிப் பானையின் உறவினர்

முறை புதிதல்ல. பிரெஞ்சுச் சமையலில் தாளில் மடித்து வேகவைப்பது நெடுநாள் வழக்கம். நம் வட்டாரத்தில் அதே வேலையை வாழையிலை செய்கிறது. மலாய்க்காரர்களின் ஓத்தாக் ஓத்தாக், இந்தோனேசியாவின் பெப்பெஸ், கேரளத்தின் மீன் பொளிச்சது எல்லாம் இந்தக் குடும்பம்தான். இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் ஈரத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. பேக்கிங் தாளில் அந்த வேலையை மெல்லிய சிலிக்கோன் பூச்சு செய்கிறது.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மீனிலும் காய்கறியிலும் உள்ள நீர் சூடாகி ஆவியாகிறது. 1 கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். பொட்டலம் ஓவனுக்குள் பலூன்போல் உப்புவதற்குக் காரணம் இதுவே. உப்பிய பிறகு மிஞ்சும் ஆவி மடிப்புகளின் வழியே கசிந்துபோகும். அதனால் உள்ளே பிரஷர் குக்கரைப்போல் அழுத்தம் ஏறுவதில்லை. அழுத்தம் ஏறாவிட்டால் நீரின் கொதிநிலையும் ஏறாது.

100 டிகிரிதானே, அதற்குள் எப்படி விரைவாக வேகிறது? விடை ஆவியின் ஒளிந்திருக்கும் வெப்பத்தில் உள்ளது. 1 கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஆறும்போது தருவது 40 கலோரி வெப்பம். அதே 1 கிராம் நீராவி குளிர்ந்த மீனின் மேல் படிந்து நீராக மாறும்போது தருவது சுமார் 540 கலோரி. சூடான ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டினால் வெந்துபோவதில்லை, ஆனால் கெண்டியின் மூக்கிலிருந்து வரும் ஆவி பட்டால் உடனே கொப்புளம் வருகிறது. வேறுபாடு அந்த 540 கலோரிதான்.

தாள் ஏன் எரியவில்லை என்பதற்கும் இதுவே விடை. ஈரமான உணவைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாளின் சூட்டை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. எதையும் தொடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்கள் மட்டும் பழுப்பாவதை அடுத்த முறை கவனியுங்கள்.

மீனுக்கு ஒரு கணக்கு, கேரட்டுக்கு ஒரு கணக்கு

ஆடு மாடுகள் தம் எடையைத் தாமே தாங்கி நடக்க வேண்டும். அதற்கு உறுதியான இணைப்புத் திசு தேவை. மீனைத் தண்ணீர் தாங்குகிறது. எனவே அதன் தசையில் இணைப்புத் திசு குறைவு, இருப்பதும் மென்மையானது. ஆட்டிறைச்சி குழைய மணிக்கணக்காகிறது, மீன் சில நிமிடங்களில் இதழ் இதழாகப் பிரிகிறது.

மீன் தசையில் உள்ள ஒருவகைப் புரதம் 40 முதல் 50 டிகிரிக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். கண்ணாடிபோல் இருந்த சதை அப்போதுதான் வெள்ளையாகிறது. 60 டிகிரியை ஒட்டி மீன் வெந்து, சாறோடு இருக்கும். 70 டிகிரியை நெருங்கும்போது மற்றொரு புரதமும் இறுகி, தசைக்குள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. ‘சக்கையாகிவிட்டது’ என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான்.

காய்கறியின் கதை வேறு. அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது இளகுவதற்கு 85 டிகிரியைத் தாண்டிய சூடு வேண்டும், அந்தச் சூடு சிறிது நேரம் நீடிக்கவும் வேண்டும். ஆக, மீன் வெந்து முடிகிற கட்டத்தில் கேரட் இளகத் தொடங்கியிருக்கவே இல்லை. கேரட் வேகும்வரை காத்திருந்தால் மீன் சக்கையாகிவிடும்.

புளிப்பு இன்னொரு தடை. அமிலம் இருந்தால் பெக்டின் எளிதில் இளகாது. காய் வெந்த பிறகே புளியை ஊற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். பொட்டலத்தில் எலுமிச்சையும் தக்காளியும் சேர்த்தால் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேலும் தாமதமாகவே வேகும்.

எனவே காய்கறியை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தக்காளி, வெங்காயத்தாள், காளான், இளம் பீன்ஸ் போன்றவற்றை அப்படியே மீனோடு வைக்கலாம். கேரட், உருளைக்கிழங்கு, முள்ளங்கி போன்றவற்றைத் தீக்குச்சி அளவுக்கு மெல்லியதாக நறுக்குங்கள், அல்லது முன்பே கொதிநீரில் பாதி வேகவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி அடியில், மீன் மேலே என்று அடுக்குங்கள். சூடான தட்டைத் தொடும் அடிப்பகுதிக்குக் கூடுதல் வெப்பம் கிடைக்கும், அது காய்கறிக்குப் போகட்டும்.

சாய்சிம் போன்ற கீரைகள் பொட்டலத்தில் மங்கிய பழுப்புப் பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. சூட்டில் அமிலம் அதைப் பிடுங்கிவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் கீரையின் சொந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு வெளியேறிவிடும். மூடிய பொட்டலத்தில் அது உள்ளேயே தங்குகிறது. கீரையைத் தனியே வதக்கிக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

தடிப்புதான் கடிகாரம்

மற்ற சமையலில் கண் நமக்கு உதவுகிறது. பொரிக்கும்போது நிறம் தெரிகிறது, குழம்பில் கரண்டியால் தொட்டுப் பார்க்கலாம். பொட்டலத்தில் எதுவும் தெரியாது. எனவே நேரத்தை முன்கூட்டியே சரியாகக் கணிக்க வேண்டும். கணிப்பதற்கு எடையைப் பார்க்காதீர்கள், தடிப்பைப் பாருங்கள்.

வெப்பம் மீனின் மேற்பரப்பிலிருந்து நடுப்பகுதிக்கு மெதுவாக ஊர்ந்துதான் செல்ல வேண்டும். இயற்பியல் கணக்கின்படி தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சமையலறையில் அது அவ்வளவு துல்லியமாக அமையாது. என்றாலும் தடிப்பு இரண்டு மடங்கானால் நேரத்தை வெறுமனே இரண்டு மடங்காக்குவது போதாது என்பதை நினைவில் வையுங்கள். 1 சென்டிமீட்டர் துண்டுக்குச் சரியாக இருந்த நேரத்தை மனத்தில் வைத்து 3 சென்டிமீட்டர் துண்டை வேகவைக்கும்போதுதான் நடுப்பகுதி பச்சையாக நின்றுவிடுகிறது.

சமையல் நூல்களில் ‘கனடா விதி’ என்று ஒன்று உண்டு. மீனின் மிகத் தடித்த இடத்தில் 2.5 சென்டிமீட்டருக்கு 10 நிமிடம், மடித்து வேகவைத்தால் கூடுதலாக 5 நிமிடம். சாதாரண மீன் துண்டுகளுக்கு இது நல்ல தொடக்கம். 200 டிகிரி ஓவனில் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் தடிப்புள்ள தெங்கிரி (வஞ்சிரம்) அல்லது சியாகாப் (கொடுவா) துண்டுக்கு 15 நிமிடம் என்று தொடங்கலாம். முழு மீனாகவோ குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயோ வைத்தால் இன்னும் நேரமாகும். உறைந்த மீன் என்றால் முழுவதும் உருகிய பிறகே மடியுங்கள்.

உறுதி செய்ய நம்பகமான வழி சமையல் வெப்பமானிதான். பொட்டலத்தைப் பிரிக்காமலே தாளைத் துளைத்து, மீனின் தடித்த இடத்தில் அதன் முனையைச் செருகுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மீனுக்குப் பரிந்துரைக்கும் உள்வெப்பநிலை 63 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு பொட்டலத்தைத் திறந்து, முள்கரண்டியால் நடுப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள். சதை கண்ணாடிபோல் தெரியாமல் முழுவதும் வெளுத்து, இதழாகப் பிரிய வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாக உண்ட பலர் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறத் தடை விதிக்கப்பட்டது. நன்றாக வேகவைத்தால் அந்தக் கிருமி இறந்துவிடும். வீட்டில் முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் அரைவேக்காட்டு மீனுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

சூட்டால் நீங்காத ஆபத்தும் ஒன்று உண்டு. தெங்கிரி, கெம்போங் (கானாங்கெளுத்தி), சூரை போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அது முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு போன்ற தொல்லைகளைத் தரும். 100 டிகிரி சூடு அதை அழிக்காது. சந்தையிலிருந்து நேரே குளிர்சாதனப் பெட்டிக்குப் போவதுதான் அதற்குத் தடுப்பு.

எந்தத் தாள்?

கடையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும் மூன்று சுருள்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாள்தான் ஓவனுக்கு உரியது. அதன் பெட்டியில் வெப்ப வரம்பு அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் 220 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை மீற வேண்டாம், சிவந்து எரியும் கம்பியைத் தாள் தொடவும் விடாதீர்கள். ஏர் ஃபிரையரில் காற்று வேகமாகச் சுழல்வதால், வெறும் தாளை உள்ளே போட்டு முன்சூடாக்கினால் அது பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.

மெழுகுத் தாள் வேறு. அதன் மெழுகு நீரின் கொதிநிலைக்கு மிகக் கீழேயே உருகிவிடும். ஓவனில் வைத்தால் புகையும், தீப்பற்றவும் கூடும்.

அலுமினியத் தாள் தீப்பற்றாது. ஆனால் புளி, எலுமிச்சை, உப்பு ஆகியவை சூட்டில் பட்டால் சிறிதளவு அலுமினியம் உணவில் கரையும். உணவு வழியாக உடலில் சேரும் அலுமினியம் வாரத்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் வரம்பு வகுத்தது. எப்போதாவது ஒரு முறை என்றால் பதற வேண்டியதில்லை. புளிப்பான மீன் சமையலை அடிக்கடி செய்கிறவர்கள் உள்ளே பேக்கிங் தாளையோ வாழையிலையையோ வைத்து, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றலாம்.

கிடைப்பதும் கிடைக்காததும்

காய்கறியை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் ‘சி’ வைட்டமினும் சில ‘பி’ வைட்டமின்களும் அதோடு போய்விடும். பொட்டலத்தில் சாறு தட்டுக்கே வருகிறது. நெருப்பில் வாட்டும்போது கருகிய இடங்களில் உண்டாகும் தீய சேர்மங்களுக்கு 100 டிகிரியில் வழியில்லை. கெம்போங்கின் ஒமேகா-3 கொழுப்பும் பொரிக்கும் எண்ணெயில் கலந்து போகாமல் மீனிலேயே தங்குகிறது. சாறு வெளியேறாததால் உப்பும் வெளியேறாது, வழக்கத்தைவிடக் குறைத்தே போடுங்கள்.

இழப்பும் உண்டு. பொரித்த மீனின் பொன்னிறமும் மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்பாக உருவாகும். பொட்டலத்துக்குள் அது நடக்காது. பச்சை வெங்காயம், பூண்டு, மிளகாய் விழுதை அப்படியே தடவினால் பச்சை வாடை போகாததற்கும் இதுவே காரணம். சம்பலையோ மசாலாவையோ சிறிது எண்ணெயில் முதலில் வதக்கி, ஆறவைத்து மீனில் தடவுங்கள். மணம் சட்டியில் உருவாகட்டும், பொட்டலம் மீனை வேகவைக்கட்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு பொட்டலம் கட்டுங்கள். இரண்டிலும் ஒரே தடிப்புள்ள மீன் துண்டு. ஒன்றில் கேரட்டை 3 மில்லிமீட்டர் தடிப்பிலும் மற்றதில் 1 சென்டிமீட்டர் தடிப்பிலும் நறுக்கி வையுங்கள். இரண்டையும் 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்து, இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். பெரியவர் ஒருவர் முகத்துக்கு எதிர்ப்புறமுள்ள ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிய கீறல் போட்டு ஆவியை வெளியேற்றட்டும். அந்த 540 கலோரியை மறந்துவிடாதீர்கள். பிறகு இரண்டு கேரட்டையும் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடிப்புக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே உங்களுக்கு விளக்குவார்கள்.