மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரோவுக்கு எவ்வளவு தூரம்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலான தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். விமானிகள் இதைச் சுமார் 4,440 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், மாலுமிகளின் அளவையை விமானத் துறையும் தனதாக்கிக்கொண்டது.

இந்தத் தூரம் தட்டையான வரைபடத்தில் அளந்ததல்ல. மெர்கேட்டர் முறை உலகப் படத்தில் இரு ஊர்களுக்கும் இடையே அடிக்கோலால் கோடு இழுத்தால் அது அரபிக்கடல், பாரசீக வளைகுடா, துருக்கி வழியாகப் போகும். பார்வைக்கு நேரான அந்த வழி உண்மையில் 8,480 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வேறு வழியில் படியும்: மகாராஷ்டிரம், குஜராத், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், தெற்கு உக்ரைன், போலந்து, ஜெர்மனி. கணிதத்தில் இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். 250 கிலோமீட்டர் மிச்சமாகிறது.

ஆனால் எந்த விமானமும் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது; ரஷ்யாவும் பிரிட்டனும் ஒன்றின் விமானங்களை மற்றொன்று அனுமதிப்பதில்லை. அதனால் விமானங்கள் தெற்கே வளைந்து செல்கின்றன. வடசென்னையின் கடலோரத்தில் இத்தகைய சுற்றுவழி பழைய செய்தி. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு வடக்கே 2001 முதல் இயங்கும் காமராஜர் துறைமுகத்திலிருந்து மேற்கே போகும் பெரிய கப்பல், பாக் நீரிணையில் ஆழம் போதாததால் இலங்கையைச் சுற்றித்தான் அரபிக்கடலை அடைகிறது. கடலில் ஆழம் தடுக்கிறது, வானில் அரசுகள் தடுக்கின்றன.

பறக்கும் நேரத்தைப் பாதையைவிடவும் அதிகமாக மாற்றுவது காற்று. பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது வட இந்தியாவின் மேலேயே ஓடும். லண்டன் போகும்போது எதிர்க்காற்று சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தை விழுங்கினால் 8,230 கிலோமீட்டரைக் கடக்க 9 மணி 48 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 8 மணி 34 நிமிடம் போதும். விமானமும் தூரமும் ஒன்றே என்றாலும், வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்.

கால அட்டவணையில் அச்சாகும் நேரம் இதனினும் நீளம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை அதில் சேரும். ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, ஹீத்ரோவின் மேல் வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே சென்னையிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 11 மணி நேரமும், திரும்ப ஏறத்தாழ 10 மணி நேரமும் ஆகின்றன. தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் ஒற்றை எண்ணை நம்பி, லண்டனில் அடுத்த விமானத்தை நெருக்கமாகப் பதிவு செய்வது ஆபத்து.

கடிகாரக் கணக்கு தனி. குளிர்காலத்தில் இந்தியா பிரிட்டனைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சென்னையில் காலை 5.30-க்குப் புறப்படும் 11 மணி நேர விமானம், லண்டன் நேரப்படி அன்றே முற்பகல் 11 மணிக்குத் தரையிறங்கும். பிரிட்டன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடையில் அது நண்பகல் 12 ஆகிவிடும்.