உப்பளத்தில் வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல உப்பைப் பாருங்க!

புதுச்சேரி உப்பளத்துக்குப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. பீச் பக்கம், டவுனும் பக்கம். ஆனால் நகரத்தின் மழைநீரையும் கழிவுநீரையும் கடலுக்குக் கொண்டுபோகும் உப்பாறு வாய்க்காலும் பக்கம்தான். கடலில் நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்து மழை கொட்டினால், அது சட்டென்று வடியாது. 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

"வில்லங்கம் கிளியர் சார்" என்பார் புரோக்கர். சரி, ஆனால் வில்லங்கச் சான்று பதிவான விற்பனை, அடமானத்தைத்தான் சொல்லும். இடம் சி.ஆர்.இசட் எனும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்று சொல்லாது. கடலே தெரியாத வாய்க்கால் கரையும் அதில் வரலாம். கடல்நீர் எதுவரை ஏறுகிறது என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலும் உப்புதான்: கடும் வறட்சிக் காலத்தில் 1,000 பங்கு நீரில் 5 பங்கு உப்பு. அந்த எல்லைக்குள் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது வாய்க்காலின் அகலம், எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு என்றது 2011 அறிவிக்கை. 2019 அறிவிக்கை 100-ஐ 50 ஆக்கியது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணோடு கடலோர மண்டல வரைபடத்தைப் பாருங்க. அப்படியே பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேளுங்க: ஃபெஞ்சல்ல தண்ணி எத்தனை படி ஏறுச்சு?