வராத பறவைக்கும் கணக்கு உண்டு

கோடியக்கரையில் காலில் வண்ண வளையம் மாட்டிய உள்ளான் ஒன்றைப் படம் பிடித்த வாசகர், "அதற்குள் சிப் இருக்கிறதா?" என்று கேட்கிறார். இல்லை. வெறும் பிளாஸ்டிக்தான். ஆனாலும், அது சொல்லும் சேதியைப் பல கருவிகளால் சொல்ல முடியாது.

டென்மார்க் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் 1899-இல் எண் பொறித்த அலுமினிய வளையத்தைப் பறவைக் காலில் மாட்டினார். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. வரலாறு இவ்வளவு போதும். உலோக வளையத்தின் எண்ணைப் படிக்கப் பெரும்பாலும் பறவையை மறுபடி பிடித்தாக வேண்டும். வண்ணத்தையோ தொலைநோக்கியிலேயே படித்துவிடலாம். ஆறு நிறங்கள், கால்களில் நான்கு இடங்கள், இடத்துக்கு ஒரு வளையம் என்றால் 1,296 பறவைகளுக்குத் தனித்தனி அடையாளம் கிடைக்கும்.

சுவாரசியம் இனிமேல்தான். அடையாளமிட்ட பறவைகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எப்படிக் கணக்கிடுவது? ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். திங்களன்றும் புதனன்றும் வந்த 100 பேரில், செவ்வாயன்று கடைக்காரர் பார்த்தது 60 பேரை மட்டுமே. மற்ற 40 பேரும் செவ்வாயன்று உயிரோடுதான் இருந்தார்கள். இவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆக, உயிரோடு இருப்பவர் இவர் கண்ணில் படும் வாய்ப்பு 60 சதவீதம். இந்தக் குறையை ஈடுகட்டிவிட்டால், மெய்யாகவே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிடலாம். ஒரு சிக்கல்: பாக்கி வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு மாறியவரும் இறந்தவரும் இவர் நோட்டில் ஒன்றுதான். சட்டை நிறத்தை வைத்தே ஆளை அடையாளம் காண்பவர் என்றால், சாயம் வெளுத்ததும் ஒருவர் டீ இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்! பறவை ஆய்வாளருக்கும் இதே தலைவலிதான். வேறு கடற்கரைக்கு மாறிய பறவை செத்ததாகத் தெரியும். உப்பிலும் வெயிலிலும் வளையம் வெளுத்தால் ஆள் மாறிவிடும்.

'ரெட் நாட்' என்னும் உள்ளானில் 'பி95' என்ற பறவை உலகப் புகழ் பெற்றது. 1995-இல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் வளையமிடப்பட்ட அது 2014-இலும் தென்பட்டது. நிலவைத் தாண்டும் தூரம் பறந்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. தெருவில் ஒரு தாத்தா நூறு வயது வாழ்ந்தால் தெருவே ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தமா? அதே இனத்தில் அடையாளமிட்ட பறவைகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஆண்டுதோறும் பிழைத்த வளர்ந்த பறவைகள் 1990-களின் நடுவில் 85 சதவீதம். சில ஆண்டுகளில் அது 56 ஆகச் சரிந்தது. சந்தேகம் இரையின் மேல் விழுந்தது. ஆர்க்டிக்குக் கிளம்புமுன் அவை கொழுப்பு சேர்ப்பது அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில், குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று. அந்த நண்டுகளையோ மீன்பிடி இரைக்காக லாரி லாரியாக அள்ளினார்கள். நியூ ஜெர்சி மாநிலம் 2008-இல் அதற்குத் தடை போட்டது.

எனவே வாசகரே, வளையமிட்ட பறவையைக் கண்டால் தேதி, இடம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை ஆகியவற்றைக் குறித்துப் பம்பாய்க் கழகத்துக்கு அனுப்புங்கள். இடக்கால் என்றால் பறவையின் இடக்கால். உங்கள் இடப்பக்கம் அல்ல. நிறம் சரியாகத் தெரியவில்லையா? தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதினால், செத்த பறவை ஒன்று கணக்கில் உயிர்த்தெழுந்துவிடும்.