விழிப்புலன் இழந்த பிள்ளைகளின் பற்கள்: விரலாலும் நாக்காலும் கற்கும் பாடம்

“சித்தி, பல்லுக்குள்ளை நாக்கு போகுது.”

2010 இல் மருதனார்மடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த சில நாட்களில் அக்காவின் மகன் இப்படிச் சொன்னான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. முந்தைய ஆண்டு வன்னியில் செல் வீச்சில் இரு கண்களின் பார்வையையும் இழந்து, முகாமில் இருந்துவிட்டு வந்திருந்தான். காயத்துக்கு மருந்து கட்டினோம், கண்ணைக் காட்டினோம். பல்லைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. பல் வைத்தியரிடம் போனபோது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நினைத்திருந்தோம். ஆனால் அது ஆறு வயதளவில் முளைக்கும் நிரந்தரப் பல். பிடுங்கினால் பிறகு முளைக்காது.

பார்வை இல்லாததால் பல் சூத்தையாவதில்லை. உணவிலுள்ள சீனியைப் பற்களில் படிந்திருக்கும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. பார்வையுள்ள பிள்ளை கண்ணாடியில் கறுப்புப் புள்ளியையும், துப்பும் நீரில் இரத்தத்தையும் கண்டு சொல்லும். விழிப்புலன் இழந்த பிள்ளைக்கு நோவு வந்த பின்னரே தெரியவரும். தாயைப் பார்த்துப் பல் தீட்டப் பழகும் வாய்ப்பும் அதற்கு இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. இந்தியாவின் பெல்காவியில் பல் மருத்துவர்களான மமதா ஹெப்பல், அனில் அங்கோலா இருவரும் உருவாக்கி 2012 இல் வெளியிட்ட முறை எளிமையானது. முதலில் வாயால் விளக்குவது. அடுத்து, பெரிய பல் மாதிரியைக் கையால் தடவ வைப்பது. பிறகு பிள்ளை தன் பற்களை நாக்கால் தடவிப் பார்த்து, தானே தீட்டுவது. அழுக்குப் பல் நாக்குக்கு வழுவழுவென்று பாசி படிந்ததுபோல் இருக்கும். தீட்டிய பல் கண்ணாடிபோல் இருக்கும். கண்ணாடி செய்யும் வேலையை இங்கே நாக்கு செய்கிறது.

வீட்டில் நாங்கள் கடைப்பிடித்தவை இவை. பிள்ளையின் பின்னால் நின்று, அதன் கைமேல் நம் கையை வைத்துத் தீட்டப் பழக்குங்கள். யாருடைய பிரஷ் என்று தெரிய, பிடியில் இறப்பர் வளையம் போடுங்கள். பிரஷில் பற்பசை வைப்பது கடினமென்றால், பட்டாணியளவு பசையை விரல் நுனியில் எடுத்துப் பல்லில் பூசிவிட்டுத் தீட்டலாம். புளோரைட் உள்ள பற்பசையாக இருக்கட்டும். காலையும் படுக்கைக்குப் போகுமுன்னும் இரண்டு நிமிடம். நேரத்தை ஒரு பாட்டால் அளக்கலாம். தீட்டியபின் துப்பினால் போதும், நிறையத் தண்ணீரில் கொப்பளித்தால் புளோரைட் போய்விடும்.

வைத்தியரிடம் போகும்போது, தொடுமுன் சொல்லும்படி கேளுங்கள். கருவிகளைக் கையில் தந்து, இயந்திரத்தின் சத்தத்தை முன்கூட்டியே கேட்க வைத்தால் பாதிப் பயம் போய்விடும். செல் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். அரச பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் சிகிச்சை இலவசம். நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைப்பதும் உண்டு. நிரந்தரப் பல் முழுதாகக் கழன்றால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. பாற்பல்லைப் பொருத்துவதில்லை.

கடைசியாக, புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒன்று. மருதனார்மடத்தை அண்டிய சுன்னாகத்தில் அன்னலட்சுமி சின்னத்தம்பி அவர்கள் தொடக்கிய வாழ்வகம் உள்ளது. இவ்வாறான இல்லங்களுக்குப் பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் உணவு கொடுப்பது எங்கள் நல்ல வழக்கம். கேக்கும் சோடாவும் அன்போடுதான் வருகின்றன. ஆனால் பல வீட்டாரின் விசேட நாட்கள் ஒரே பிள்ளையின் வாயில் சேர்கின்றன. இனிப்பைச் சாப்பாட்டோடு மட்டும் கொடுத்து, மிச்சக் காசுக்குப் பழமும் பிரஷும் பற்பசையும் வாங்கிக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் மாற்ற வேண்டும் என்பதால் அந்தத் தேவை தீராது.

அக்காவின் மகன் இப்போது வளர்ந்த இளைஞன். பிடுங்கிய பல்லின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. மற்றப் பற்கள் எல்லாம் நன்றாக உள்ளன. இரவில் தீட்டி முடித்ததும் நாக்கால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவான்.